இளங்கலை நுண்ணுயிரியல்: மூன்றாண்டுப் படிப்புக்கு ஒரு மதிப்புரை

மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை நுண்ணுயிரியலும், பிறகு வேறோர் ஊரில் அரசு உதவி பெறும் கல்லூரியில் அதே பாடத்தில் முதுகலையும் படித்து முடித்து, இப்போது ஊசிமருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் உறவினர்களும் பழைய ஆசிரியர்களும் யாராவது ஒரு பிள்ளையிடம் என் எண்ணைக் கொடுத்து, "மைக்ரோபயாலஜி எடுக்கலாமா?" என்று கேட்கச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னவற்றைச் சேர்த்து எழுதியதே இம்மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடம் நல்ல பாடம், அதை விற்கும் கடைகள் பலவற்றில் சரக்கு அரைகுறை. பாடத்திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். நான் இளங்கலை படித்த துறையின் ஆய்வகத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதைத்தான் சேருமுன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வகுப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவ இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நோய்க்கிருமிகளைப் பற்றிப் படிப்பதால் இது மருத்துவத்துக்குப் பக்கத்து வீடு என்ற எண்ணம் அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இருந்தது. சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருந்தவர்களும் அந்த எண்ணத்தைக் கலைக்க முயலவில்லை. மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் மருத்துவராக இருப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. படித்தவர். இரத்தம் எடுத்துச் சோதிக்கும் ஆய்வக நுட்பாளர் வேலைக்கு மருத்துவ ஆய்வக நுட்பவியலில் தனிப் பட்டயமும் தனிப் பட்டமும் இருக்கின்றன. பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் இவ்விரண்டுக்கும் குறுக்குவழி ஆகாது என்பது இரண்டாம் ஆண்டின் நடுவில்தான் எங்களில் பலருக்கும் புரிந்தது. புரிந்தபின் சிலர் மனம் விட்டுப்போனார்கள். இந்த ஏமாற்றத்தைப் பாடத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் சேர்க்கைக் காலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பருவத்தின் பெரும்பகுதி வரலாறு. லூவன்ஹூக், பாஸ்டர், காக், ஃபிளெமிங் என்று பெயரும் ஆண்டும் வரும். இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் படித்துவிட்டு மறந்துபோவோம். இதைக் கொஞ்சம் வேறுவிதமாக நடத்தியிருந்தால் அந்தப் பருவமே தலைகீழாக மாறியிருக்கும் என்று எனக்குப் பின்னால் தோன்றியது. எடுத்துக்காட்டாக, கிருமிகளை வளர்க்க நாங்கள் நாள்தோறும் கையாண்ட, கூழ்போல் உறையும் அகார். ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் தொடக்கத்தில் பாக்டீரியாவை ஜெலட்டின்மேல் வளர்த்தார்கள். 37 டிகிரியில் அது இளகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதையே தின்று நீராக்கிவிடும். அங்கே பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபேனி, தம் வீட்டுச் சமையலில் இனிப்பை உறையவைக்கப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னது 1881ஆம் ஆண்டில். அகார் உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும், உறைவதோ 40 டிகிரிக்குக் கீழே வந்தபிறகுதான்; அதனால் உடல் வெப்பநிலையில் வைத்தாலும் கெட்டியாகவே இருக்கும். மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றிய அறிக்கையில் காக் அகாரைக் குறிப்பிட்டார். அந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிடவில்லை. நம் மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் இதே அகார்தான். நோன்பு மாதத்தில் பலசரக்குக் கடையில் கடல்பாசி என்ற பெயரில் வாங்கி, பாலில் காய்ச்சி உறையவைத்து வில்லை போடுகிறோமே, அதுவும் இதுதான். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எங்களுக்குச் சொல்லப்பட்டது, "அகார் ஒரு பாலிசாக்கரைடு, எழுதிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரி.

இனி ஆய்வகம். இப்படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, எங்கள் துறை மதிப்பெண் இழந்ததும் இங்கேதான். நாற்பது பேர் இரண்டு பிரிவாகச் செய்முறைக்குப் போவோம். நாங்கள் உள்ளே நுழையும்போது கிருமிகளுக்கு உணவாகும் மீடியா காய்ச்சி, குடுவைகளுக்குப் பஞ்சு அடைப்பு வைத்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வேகவைத்து, பெட்ரித் தட்டுகளில் ஊற்றி வரிசையாக அடுக்கிவைத்திருப்பார் ஆய்வக உதவியாளர். நாங்கள் செய்தது லூப் என்ற கம்பி வளையத்தைச் சுடரில் காய்ச்சி, அதில் கிருமியைத் தொட்டுத் தட்டில் கோடு இழுப்பது மட்டும். சமைத்து வைத்த சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்துவிட்டுச் சமையல் தெரியும் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நியூட்ரியன்ட் அகார்ப் பொடி ஒரு லிட்டருக்கு 28 கிராம் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். அதை நிறுத்து, கலக்கி, கட்டி தட்டாமல் உருக்கி, கையால் தொட்டால் தாங்கும் சூடு வரும்வரை காத்திருந்து ஊற்றும் வேலையை மூன்று ஆண்டுகளில் நான் என் கையால் செய்தது நான்கு முறை. சூடு அதிகமாக இருக்கும்போது ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆறவிட்டு ஊற்றினால் அகார் கட்டிகட்டியாக உறையும். இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது, இரண்டு குடுவை வீணாக வேண்டும். வீணாக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் நான் கற்ற மிகச் சிறந்த பாடம், யாரும் திட்டமிடாத ஒன்று. ஆய்வக உதவியாளர் விடுப்பில் இருந்த ஒரு நாள் நாங்களே ஆட்டோகிளேவை இயக்கினோம். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லாருக்கும் மனப்பாடம். முள் 15ஐத் தொட்டதும் நேரம் குறித்தோம், முடிந்ததும் இறக்கினோம், ஊற்றினோம். மறுநாள், கிருமிகள் வளரச் சூடு காக்கும் இன்குபேட்டரைத் திறந்தால், எதுவும் தடவாமல் ஒப்பீட்டுக்கு வைத்த தட்டுகளிலும் திட்டுத் திட்டாக வளர்ந்திருக்கிறது. எங்கள் ஆசிரியை கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீராவி வெளியே வந்து சீறும்வரை வால்வைத் திறந்து வைத்திருந்தீர்களா?" இல்லை. உள்ளே இருந்த காற்று வெளியேறாமல் நீராவியோடு கலந்து நின்றதால், முள் 15ஐக் காட்டியும் வெப்பநிலை 121ஐ எட்டவில்லை. 100 டிகிரிச் சூட்டில் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாவதில்லை. வீட்டில் குக்கரில் ஆவி நன்றாக வரத் தொடங்கியபின் வெயிட் போட வேண்டும் என்று அம்மா சொல்வதன் காரணமும் இதுவே என்று அன்றைக்கு உறைத்தது. கிருமியைக் கொல்லாமல் கொன்றதாக நினைத்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை, இன்று ஆலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெப்பத்தை மிகவும் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் வித்துகள் அடங்கிய குப்பியை உள்ளே வைத்துச் சோதிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். அந்த வித்துகளும் செத்திருந்தால்தான் சுற்று தேறியதாகக் கணக்கு.

பாக்டீரியாக்களை ஊதா (கிராம் பாசிட்டிவ்), இளஞ்சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என்று இரு வகையாகப் பிரித்துக்காட்டும் கிராம் சாயமேற்றலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நுண்ணுயிரியல் மாணவருக்கு அது அரிச்சுவடி. டென்மார்க்கு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை. கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்று நான்கு படிகள். இதில் மூன்று படிகளுக்குக் கடிகாரம் போதும். ஆல்கஹால் படிக்குக் கண்ணும் கையும் வேண்டும்: வழிந்தோடும் துளி ஊதா நிறம் இழக்கும் அந்தச் சில நொடிகளில் நிறுத்தாவிட்டால் கிராம் பாசிட்டிவும் வெளுத்துப் போகும், முன்னதாகவே நிறுத்தினால் எல்லாமே ஊதாவாக நிற்கும். செய்முறைத் தேர்வில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாக்டீரியா வளர்ப்பு மூன்று நாள் பழையது. கிழட்டுச் செல்களின் சுவர் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை என்பதால், ஊதாவாக நிற்க வேண்டிய ஸ்டெஃபைலோகாக்கஸ் பாதிக்குமேல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கண்ணால் கண்டதை எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. புத்தகத்தில் இருப்பதை எழுதியவர்கள் தேறினார்கள். வெளித்தேர்வாளரிடம் நான் வளர்ப்பின் வயதைக் கேட்டேன். "ரெக்கார்டு முடித்துவிட்டாயா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ரெக்கார்டு நோட்டு முடித்திருந்தேன், அட்டை போட்டு, படங்களுக்கு வண்ணம் தீட்டி.

நுண்ணோக்கிகளைப் பற்றி ஒரு சொல். எண்ணெய்த் துளியில் தோய்த்துப் பார்க்கும் ஆயில் இம்மெர்ஷன் லென்ஸ் சரியாக வேலை செய்தவை எங்களிடம் மூன்றே மூன்று. பாக்டீரியாவை 1,000 மடங்கு பெருக்காமல் பார்ப்பதில் பயனில்லை. ஆகவே மூன்று கருவிகளுக்கு இருபது பேர் வரிசையில் நின்று, முன்னவர் குவித்து வைத்ததை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் லென்ஸ் பாழாகும் என்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள், துடைக்கும் வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

குறைகளையே அடுக்கிக்கொண்டு போனால் மதிப்புரை நேர்மையாக இராது. மூன்றாம் பருவத்தில் உணவு, நீர் நுண்ணுயிரியல் எடுத்த ஆசிரியை, அவரவர் வீட்டு இட்லி மாவைக் கொண்டுவரச் சொன்னார். அரைத்தவுடன் ஒரு மாதிரி, நான்கு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் காலை ஒன்று. பெரும்பாலும் உளுந்தோடு வரும் லியூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா முதலில் பெருகிக் கரியமில வாயுவை விட்டு மாவைப் பொங்கவைக்கிறது என்று அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை; அவ்வகைப் பாக்டீரியாக்களுக்கான எம்.ஆர்.எஸ். அகார்த் தட்டில் வளர்ந்ததைச் சாயமேற்றி, இணை இணையாகவும் சங்கிலியாகவும் நின்ற கோளங்களை நாங்களே பார்த்தபிறகு சொன்னார். விடுதி மாணவிகள் விடுதி மாவைக் கொண்டுவந்தார்கள். அதில் வளர்ந்தவை என்னென்ன என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். அடுத்து ஊர்க் குடிநீர். லாக்டோஸ் குழாய்களுக்குள் கவிழ்த்துவைத்த குட்டி டர்ஹாம் குழாயில் வாயுக் குமிழி நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் ஈ.எம்.பி. என்ற சாயம் கலந்த அகார்த் தட்டில் கோடிழுத்து, மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும், பச்சை உலோகம்போல் மின்னும் எஷ்ரிகியா கோலையைக் காணும்போது உண்டாகும் சிலிர்ப்பும் அருவருப்பும் சேர்ந்த உணர்வை வேறு எந்தப் பாடமும் எனக்குத் தந்ததில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லி நீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தெரு முனைக் குழாய் அன்றைக்குத் தேறவில்லை. அந்த ஒரு பருவத்துக்காகவே இப்படிப்பு தகும் என்று நான் சில நாட்கள் நினைப்பதுண்டு.

மொழியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்து வந்தவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப்பேர். வகுப்பில் விளக்கம் தமிழில், குறிப்பு ஆங்கிலத்தில், பெயர்கள் இலத்தீனில். நோய் எதிர்ப்பியல் பாடத்தில் டி செல்லும் பி செல்லும் ஒன்றுக்கொன்று எப்படிச் சேதி சொல்கின்றன என்பதை ஆசிரியர் தமிழில் கதையாகச் சொல்லும்போது கண்ணிமைக்காமல் கேட்ட பெண், அதையே தேர்வுத்தாளில் ஆங்கிலத்தில் எழுத முடியாமல் அரியர் வைத்தாள். முதல் ஆண்டில் இந்தச் சுமையைத் தாங்க ஆறு மாதமாவது பிடிக்கும் என்று தெரிந்தே சேர வேண்டும். சொற்களுக்குப் பயந்து விலக வேண்டியதில்லை. சூடோமோனாஸ் பாக்டீரியாவை ஒருமுறை தட்டில் பச்சையாகப் பார்த்துவிட்டால் பெயர் தானாக ஒட்டிக்கொள்கிறது.

மருத்துவ நுண்ணுயிரியல், பெயர் தரும் எதிர்பார்ப்புக்கு மாறாக, எங்களுக்கு மிக வறண்ட தாளாக அமைந்தது: ஒவ்வொரு கிருமிக்கும் உருவம், வளர்ப்பு, நோய், கண்டறிதல், தடுப்பு என்று ஒரே அச்சில் நாற்பது பக்கம். மூலக்கூறு உயிரியலில், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறை கரும்பலகையில் மட்டும் ஓடியது. எந்த மருந்து கிருமியைத் தடுக்கிறது என்று காணும் ஆன்டிபயாடிக் வட்டுச் சோதனையை முல்லர் ஹிண்டன் அகாரில் 4 மில்லிமீட்டர் கனத்தில் செய்தால்தான் அளவு அட்டவணை பொருந்தும். எங்கள் துறையில் விலை கருதி நியூட்ரியன்ட் அகாரில் செய்துவிட்டு, மருந்து வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து அதே அட்டவணையோடு ஒப்பிட்டோம். இது தவறு என்பதே முதுகலைக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரியும்.

இறுதிப் பருவத்துத் திட்டப்பணியில்தான் ஒரு துறை தன் மாணவர்களை எவ்வளவு மதிக்கிறது என்பது வெளிப்படும். ஒரு மாணவர் ஆய்வேடு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்த நிர்மலா, தம் ஆய்வேட்டுக்காக, பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த தலைப்பில், எச்.ஐ.வி. உண்டா என்று பார்க்க இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் அவற்றைப் பனிக்கட்டியில் வைத்து இரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே 6 மாதிரிகள் நிறம் மாறி, கிருமி உண்டு என்று காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டில். அவர் மருத்துவம் முடித்து மேற்படிப்புப் படித்தவர், இளங்கலை மாணவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்பது சரியே. என்றாலும் எங்கள் வகுப்பில் எட்டுக் குழுக்களுக்கு ஐந்து தலைப்புகள் "வேப்பிலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன்" போன்றவை, துளசி, நொச்சி, ஆடாதோடை என்று இலை மட்டும் மாறும். போன ஆண்டு ஏட்டில் இலையின் பெயரை மாற்றி பைண்டிங் செய்துகொடுக்கும் கடை ஒன்று கல்லூரி வாசலிலேயே இருந்தது. எங்கள் குழு விடுதித் தண்ணீர்த் தொட்டியைத் தேர்ந்தெடுத்தது, அனுமதி கிடைக்கவில்லை, நாங்களும் வேப்பிலைக்கே திரும்பினோம்.

வேலைவாய்ப்பு எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். மருந்து, உணவு, பால், குடிநீர் ஆலைகளின் தரக்கட்டுப்பாடுதான் இப்பட்டத்துக்கு இயல்பான வாசல். மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் மலட்டுத்தன்மைச் சோதனைக்கு 14 நாள் காத்திருப்பது, தூய அறையில் தட்டைத் திறந்துவைத்துக் காற்றில் இருந்து விழுவதை எண்ணுவது, எண்ணியதைப் பிழையின்றிப் பதிவது என்று நாட்கள் போகும். பொறுமையற்றவர்களுக்கு இது சிறை. தொடக்கச் சம்பளம் குறைவு, முறைப்பணி உண்டு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு விதிகள் ஏற்கும் பட்டங்களில் நுண்ணுயிரியலும் ஒன்று என்பதை எங்கள் துறையில் யாரும் சொல்லவில்லை. மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான கேட் (GATE) நுழைவுத் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் நுண்ணுயிரியல் தனிப் பிரிவாகவே இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக விரும்புவோர் இரண்டாம் ஆண்டிலேயே அதன் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. என் நேர்முகத் தேர்வில் சான்றிதழை ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு ஒரு தட்டையும் லூப்பையும் கொடுத்துத் தனித்தனிக் காலனி (ஒரே செல்லிலிருந்து பெருகிய திட்டு) வருமாறு கோடிழுக்கச் சொன்னார்கள். முதுகலையில் நாங்களே மீடியா காய்ச்சினோம், நாங்களே வீணாக்கினோம்; அதனால் கை நடுங்கவில்லை.

சென்ற ஜூன் மாதம் சித்தியின் மகளுக்காக ஒரு கல்லூரியைப் பார்க்கப் போயிருந்தோம். முகப்பில் பளபளக்கும் கருத்தரங்கக் கூடத்தைக் காட்டினார்கள். ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும் சற்றுத் தயங்கி அழைத்துப் போனார்கள். சலவைக்கல் மேசை பழையது, சுவரில் ஈரம். ஆட்டோகிளேவ் அறையில் வேகவைத்த பெப்டோனின் வாடை சூடாக அடித்தது. இன்குபேட்டரின் கண்ணாடிக்குள் தட்டுகள் முறைப்படி கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்ததால், அடிப்புறத்தில் எழுதிய பெயர்களும் தேதிகளும் எங்களை நோக்கி இருந்தன. பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கையெழுத்துகள், எல்லாவற்றிலும் முந்தின நாள் தேதி. நான் கதவைத் திறக்கக் கை நீட்டியதும் அங்கே நின்ற மாணவி ஒருத்தி, "அக்கா, திறக்காதீங்க, சாயந்திரம்தான் ரீடிங்" என்று தடுத்துவிட்டாள். அன்று பிற்பகலே சித்தி மகளுக்குப் பணம் கட்டினோம்.